கருப்பின்னு ஒரு வெள்ளைக் குதிரை

"அக்கா, இந்த வெள்ளைக் குதிரை பேரு என்ன?"

"கருப்பி!"

இதுக்கு அப்புறம் ஒரு சின்ன கேப் விழும் பாருங்க... அதை நான் ஆயிரம் தடவையாவது ரசிச்சிருப்பேன். கேட்ட குட்டிப் பையன் குதிரையைப் பார்ப்பான். அப்புறம் என்னைப் பார்ப்பான். அப்புறம் அவங்க அப்பாவைப் பார்ப்பான். 'இந்த அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுப்பா'ங்கிற மாதிரி ஒரு லுக்!

ஊட்டி போட் ஹவுஸ் பக்கம் சவாரிக் குதிரை வெச்சிருக்கார் எங்க பெரியப்பா. காந்தல்ல வீடு. வீட்டுக்குப் பின்னால தகரக் கூரை போட்ட லாயம். அதுல ராஜா, ஜூலி, கருப்பின்னு மூணு பேர். நான் கோவையில ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். லீவு விட்டா அடுத்த பஸ்ல மலை ஏறிடுவேன். கடிவாளம் பிடிச்சுக் கூட நடக்கிறது, போட்டோ எடுத்துக் கொடுக்கிறது, சில்லறை மாத்துறது எல்லாம் என் டிபார்ட்மென்ட்.

இந்த இதழுக்கு மாணவ நிருபரா சேர்ந்தப்போ, "உங்க ஊர் ஸ்பெஷலா ஏதாவது எழுதும்மா"ன்னாங்க. வர்க்கியைப் பத்தி எழுதறதாத்தான் இருந்தேன். நாலு பேக்கரி ஏறி இறங்கினதுல ரெண்டு கிலோ எடை கூடினதுதான் மிச்சம். அந்த நேரத்துலதான் கருப்பிக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. அதனால வர்க்கி கொஞ்ச நாள் வெயிட் பண்ணட்டும். இது கருப்பியோட முடியைப் பத்தின கட்டுரை. ஆமா, முடிதான். சிரிக்காதீங்க.

முதல்ல பேர் விஷயத்தை முடிச்சுடறேன். நான் பிறக்கறதுக்கு முந்தின வருஷம், ஆடி மாசம், அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. ஈரோடு பக்கத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சாமி ஒரு பக்கம்னா, குதிரைச் சந்தை இன்னொரு பக்கம். திப்பு சுல்தான் காலத்துல இருந்தே நடக்குதுன்னு சொல்வாங்க. அங்கே இருந்து பெரியப்பா ஓட்டிட்டு வந்தது, ஒரு வயசு தாண்டின பெண் குட்டி. அடுப்புக்கரி நிறம். பேர் வைக்கறதுக்கு யாரும் மண்டையை உடைச்சுக்கலை.

குதிரை வாங்குறவங்க பல்லைப் பார்ப்பாங்க, காலைப் பார்ப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதே அளவுக்கு முடியையும் பார்ப்பாங்க! நெத்தியில சுழி எங்கே இருக்கு, கழுத்துல எத்தனை, நெஞ்சுல எந்தப் பக்கம்னு கணக்குப் போட்டே விலை ஏறும், இறங்கும். நாலு காலும் முகமும் வெள்ளையா இருந்தா 'பஞ்சகல்யாணி'. அதுக்குத் தனி ரேட். "சுழிங்கிறது முடி திசை மாறி வளர்ற இடம், அவ்வளவுதானே பெரியப்பா? அதை வெச்சு ராசி பார்ப்பீங்களா?"ன்னு ஒருதடவை வம்புக்கு இழுத்தேன். "உன் மார்க் ஷீட்டை வெச்சுக் கம்பெனிக்காரன் உன்னை எடுக்கறது மட்டும் எப்படியாம் பாப்பா?"ன்னார். கப்சிப்!

கருப்பியை வித்தவர் ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லியிருக்கார். குட்டியோட கண்ணைச் சுத்தி விரலால காட்டி, "இங்கே பாருங்க, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி லேசா நரை ஓடுதா? இது கருப்பா நிக்காது. வெளுத்துடும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது"ன்னாராம். பெரியப்பா அதை நம்பலை. விலையைக் குறைக்கிறதுக்கு வாங்குறவன்தானே குறை சொல்வான், விக்கிறவனே சொல்வானான்னு நினைச்சுட்டார்.

வெளுத்துச்சு! முதல்ல மாவு மில்லுக்குப் போயிட்டு வந்த மாதிரி முகம். அப்புறம் உடம்பு பூரா வட்ட வட்டமா நிலாப் புள்ளி. அப்புறம் சாம்பல். நான் எல்.கே.ஜி. போறப்போ கருப்பி கிட்டத்தட்ட வெள்ளை. "சாயம் போட்டு உன் தலையில கட்டிட்டான்யா"ன்னு சொந்தக்காரங்க பண்ணின கலாட்டாவுல, பெரியப்பாவுக்குக் கொஞ்ச நாள் 'சாயப்பட்டறை'ன்னே பேராம்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் எனக்குப் புரிஞ்சது காலேஜ் வந்த பிறகுதான். குதிரை முடியில இருக்கிற மை ரெண்டே ரெண்டு. ஒண்ணு கருப்பு, இன்னொண்ணு சிவப்பு. ரெண்டு கார்ட்ரிட்ஜ் மட்டும் இருக்கிற பிரின்டர்னு வெச்சுக்கங்க. எம்.சி.1.ஆர்.னு ஒரு ஜீன் இருக்கு. அது வேலை செய்யலைன்னா முடியில கருப்பு மை வராது. குதிரை செவலை. எங்க ஜூலி அந்த ரகம். இதைக் கண்டுபிடிச்சது 1996-ல. அது வேலை செஞ்சு, கூடவே அகூட்டின்னு இன்னொரு ஜீன் வந்து 'கருப்பெல்லாம் பிடரி, வால், காலோட நிறுத்திக்க'ன்னு கோடு போட்டா, பழுப்பு உடம்பு, கருப்பு வால். அது ராஜா. அகூட்டியும் படுத்துட்டா முழுக் கருப்பு.

நரைக்கிற ஜீன் இந்த ரெண்டுலயும் சேராது. அது மேல இருந்து வர்ற ஆர்டர். குதிரை செவலையாப் பிறந்தாலும் சரி, கருப்பாப் பிறந்தாலும் சரி, வருஷா வருஷம் முடியில இருந்து நிறத்தை உருவிக்கிட்டே போகும். 2008-ல ஸ்வீடன் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் குழு இதைப் பிடிச்சுது. எஸ்.டி.எக்ஸ்.17-ங்கிற ஜீனுக்குள்ள 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கூடுதலா காப்பி ஆகியிருக்கு. அவ்வளவுதான் மேட்டர். அவங்க பார்த்த நரைக் குதிரைகள் எல்லாத்துலயும் அதே காப்பி. அதாவது, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி எங்கேயோ ஒரு குதிரைக்கு நடந்த பிழை, கைமாறிக் கைமாறி அந்தியூர் வழியா காந்தல் வரைக்கும் வந்திருக்கு. அந்தத் துண்டு எத்தனை தடவை காப்பி ஆகியிருக்குங்கிறதைப் பொறுத்து வேகமா நரைக்குமா, மெதுவா நரைக்குமான்னு மாறும்னு 2024-ல கண்டுபிடிச்சாங்க. வியன்னாவுல நாட்டியம் ஆடுற லிப்பிஸானர் குதிரைகளைப் படத்துல பார்த்திருப்பீங்க. பால் வெள்ளை! அதுங்களும் குட்டியில கருப்போ பழுப்போதான். ஆறிலிருந்து பத்து வயசுக்குள்ள வெளுக்கும்.

உங்க ஊர்ல ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தா மூக்கு நுனியைப் பாருங்க. ரோஸ் கலரா இருந்தா அது பிறவி வெள்ளை. கருப்பா இருந்தா நரைச்ச வெள்ளை. முடிதான் நரைக்கும், அடியில தோல் கருப்பாவே இருக்கும். ஊட்டி மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நின்னா, கருப்பி ஒரு மாதிரி நீலக் கருப்பா தெரிவா. மழைக்கு மட்டும் அவ பேர் அவளுக்குப் பொருந்தும்.

அடுத்தது சீஸன் விஷயம். கீழே இருக்கிறவங்களுக்கு இது அவ்வளவா தெரியாது. ஐப்பசி பிறந்ததும் எங்க குதிரைங்க உடம்புல முடி அடர்த்தியாகும். மார்கழி, தை மாசத்துல தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளை விரிச்சுக் கிடக்கும்போது மூணும் கம்பளி போர்த்தின மாதிரி நிக்கும். முடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்துதான் உண்மையான கம்பளி. ரொம்பக் குளிரினா ஒவ்வொரு முடியும் நட்டுக்கிட்டு நிக்கும். நமக்குப் புல்லரிக்குதே, அதே டெக்னிக். நமக்கு முடி பத்தாததால சும்மா புள்ளி புள்ளியா வர்றதோட சரி. மாசி, பங்குனியில இந்தக் கம்பளி கொட்ட ஆரம்பிக்கும். இரும்புச் சீப்பைப் போட்டு ஒரு இழு இழுத்தா கை நிறைய வரும். லாயம் பூரா பறக்கும். பெரியம்மா டீ டம்ளரை மூடியேதான் கொண்டு வருவாங்க. கொண்டைக்குருவிங்க வந்து கூடு கட்ட எடுத்துட்டுப் போகும். சித்திரையில பார்த்தா குதிரை எண்ணெய் தேய்ச்ச மாதிரி மினுமினுன்னு இருக்கும். சரியா கோடை சீஸன், கூட்டம், கல்லா!

'குளிர்னா முடி வளருது, வெயில்னா கொட்டுது, இதுல என்ன இருக்கு'ன்னு நானும் நினைச்சேன். குளிருக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா முக்கியமான சிக்னல் வெளிச்சம்! எங்க டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் யாராவது ஒரு குரூப் 'ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரீட் லைட்'னு மினி புராஜெக்ட் பண்ணும். எல்.டி.ஆர். ஒண்ணு, ரிலே ஒண்ணு, இருட்டினா பல்ப் எரியும்... அதேதான். (எங்க குரூப் பல்ப் மட்டும் பகல்ல எரிஞ்சுது. அந்தக் கதை இப்ப வேண்டாம்.) குதிரைக்குக் கண்தான் எல்.டி.ஆர். இருட்டுல மூளைக்குள்ள பீனியல் சுரப்பி மெலடோனினை விடும். ராத்திரி நீள நீள மெலடோனின் சுரக்கிற நேரமும் நீளும். அதை வெச்சு உடம்பு புரோலாக்டின்ங்கிற ஹார்மோனைக் குறைக்கும். குளிர்கால முடி ஏறும். பகல் நீண்டா புரோலாக்டின் ஏறும். முடி கொட்டும். பெரிய ரேஸ் குதிரைப் பண்ணைகள்ல தாய்க் குதிரைங்களைச் சீக்கிரம் சினைக்குத் தயாராக்க, குளிர்காலத்துல லைட் போட்டுப் பகலை 16 மணி நேரமா நீட்டுவாங்க. அந்தக் குதிரைங்க முடியும் முன்னாடியே கொட்டிடும். காலண்டர் இல்லாத ஜீவன், கரன்ட் வெளிச்சத்தை வசந்த காலம்னு நம்பிடுது. பாவம்.

சைபீரியாவுல யாகூட்ஸ்க்னு ஒரு ஊர். மைனஸ் 50, 60 டிகிரியில வெட்டவெளியில நின்னு, பனியைத் தோண்டிப் புல் திங்குற குதிரைங்க அந்தப் பக்கத்துல உண்டு. அங்கே கோடையில பகல் சுமார் 20 மணி நேரம், குளிர்காலத்துல சுமார் 5 மணி நேரம். சிக்னல் அவ்வளவு ஸ்ட்ராங்! ஊட்டியில வருஷத்தோட நீளப் பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒண்ணேகால் மணி நேரம் போலத்தான் வித்தியாசம். அந்தத் துளியூண்டு வித்தியாசத்தை எங்க குதிரைங்க இத்தனை வருஷமா மிஸ் பண்ணினதே இல்லை.

கருப்பி மிஸ் பண்ணினா.

போன வருஷம் சித்திரையில ராஜாவும் ஜூலியும் பளபளன்னு நின்னப்போ, கருப்பி வயித்துலயும் காலிலயும் மட்டும் முடி கொட்டாம நின்னுச்சு. "வயசாச்சுல்ல, மெதுவா கொட்டும்"னார் பெரியப்பா. வைகாசி கடைசியில ஒரு வழியா கொட்டுச்சு. இந்த வருஷம் கொட்டவே இல்லை. மாறா நீண்டுச்சு. தாடைக்குக் கீழே தாடி. காலெல்லாம் பெல்பாட்டம். முதுகுல லேசா சுருள் வேற. பார்க்கிறதுக்கு... என்ன சொல்றது, அவ்வளவு அழகா இருந்தா!

இங்கேதான் நான் ஒண்ணு ஒத்துக்கணும். ஏப்ரல்ல ஸ்டடி ஹாலிடேஸுக்கு வந்தவ, கருப்பியைக் கட்டிப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்து, 'ஊட்டியின் டெடி பியர் குதிரை'ன்னு இன்ஸ்டாகிராம்ல போட்டேன். பிச்சுக்கிச்சு! "டெடி பியர் எங்கே, டெடி பியர் எங்கே"ன்னு குழந்தைங்க தேடி வந்தாங்க. ராஜா கொட்டாவி விட்டுக்கிட்டு நிப்பான், கருப்பிக்கு க்யூ நிக்கும். மே மாசம் முழுக்க அவதான் மூணு குதிரை சம்பாத்தியத்தையும் சம்பாதிச்சா. என் அடுத்த செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அந்தப் பணம்தான். அப்பா சொன்னப்போ, 'என் போட்டோவாலதான்'னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அந்த மாசம் கருப்பி தண்ணி நிறையக் குடிச்சா. வெயில்னு சொன்னோம். நின்ன இடத்துலயே வேர்த்தா. இவ்வளவு முடியிருந்தா வேர்க்காதான்னோம். வயிறு தொங்கிச்சு. எல்லாரும் கேரட் ஊட்டுறாங்க, அதான்னோம். முதுகெலும்பு கையில தட்டுப்பட்டதை முடி மறைச்சிடுச்சு. எதைப் பார்த்தாலும் எங்ககிட்ட ஒரு பதில் ரெடியா இருந்துச்சு.

நாங்க பயந்தது வேற ஒண்ணுக்கு. ஜூன் ஆரம்பத்துல வாலுக்கு அடியில எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியைப் பெரியப்பா பார்த்தார். நான் உடனே விஞ்ஞானி ஆயிட்டேன். அந்த எஸ்.டி.எக்ஸ்.17 காப்பி இருக்கே, அது நிறத்தை மட்டும் எடுக்கிறதில்லை, மெலனோமா கட்டியையும் கொடுக்கும். 15 வயசு தாண்டின நரைக் குதிரைங்கள்ல நூத்துக்கு எழுபது, எண்பதுக்கு வரும்னு படிச்சிருந்தேன். கருப்பிக்கு 22. "பெரியப்பா, கேன்சரா இருக்கும், உடனே டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு அழுதே விட்டேன்.

டாக்டர் வந்தார். வாலைத் தூக்கிக் கட்டியை அமுக்கிப் பார்த்தார். "நரைக் குதிரைக்கு வர்றதுதான். இப்போதைக்கு இதனால தொந்தரவு இல்லை. பெருசாகுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க"ன்னார். எனக்கு உயிரே வந்துச்சு. கிளம்புவார்னு பார்த்தா, கழுத்து முடிக்குள்ள விரலை விட்டு அளைஞ்சுக்கிட்டே, "இந்த முடி எத்தனை மாசமா இப்படி இருக்கு?"ன்னார்.

யாரும் பதில் சொல்லலை.

"டெடி பியர் சார்"னு பக்கத்து வீட்டுப் பையன்தான் சொன்னான்.

மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பி இருக்கு. அதைக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கிற நரம்புங்க டோபமைன்ங்கிற ரசாயனத்தை அனுப்பிக்கிட்டே இருக்கணும். வயசான குதிரைங்க சிலதுக்கு அந்த நரம்புங்க தேய்ஞ்சு போகும். கடிவாளம் விட்ட மாதிரி சுரப்பி இஷ்டத்துக்கு ஹார்மோனைக் கொட்டும். குதிரைக் குஷிங் நோய்னு இதுக்குப் பேர். முடி கொட்ட வேண்டிய காலத்துல கொட்டாம நீண்டு நிக்கிறது இதோட முத்திரை. "ரத்தத்துல ஏ.சி.டி.ஹெச். அளந்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா இந்த வயசுல இந்த முடியைப் பார்த்தாலே பாதிக்கு மேல தெரிஞ்சுடும்மா"ன்னார். குளம்பைத் தட்டினார். கருப்பி காலை இழுத்துக்கிட்டா. குளம்புல மோதிரம் மோதிரமா கோடு இருக்கிறதைக் காட்டினார். உள்ளே எலும்பையும் குளம்பையும் ஒட்டி வெச்சிருக்கிற பகுதி வீங்கிப் போகுமாம். நடக்கிற ஒவ்வொரு அடியும் வலிக்குமாம். "இனிமே முதுகுல ஆளை ஏத்தாதீங்க."

மே மாசம் எத்தனை குழந்தைங்களை ஏத்தினோம்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டேன்.

மருந்து இருக்கு. பெர்கோலைடுன்னு பேர். டோபமைன் மாதிரியே நடிக்கிற மருந்து. முன்னே மனுஷங்களுக்குப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. இதய வால்வைப் பாதிக்குதுன்னு அமெரிக்காவுல 2007-ல நிறுத்திட்டாங்க. குதிரைக்குன்னு அங்கே 2011-ல அனுமதி கிடைச்சுது. தினம் கொடுக்கணும், ஆயுசு பூரா. குணமாகாது, கட்டுக்குள்ள இருக்கும். கூடவே இனிப்பு கூடாது. வெல்லம் கட். கேரட்டும் கட். ஊட்டிக் குதிரைக்குக் கேரட் கூடாதாம்! அழுகைக்கு நடுவுல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அந்த வாரமே கீழே இருந்து ஒருத்தர் வந்தார். கல்யாணத்துல மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்கு விடுறவர். என் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் வந்தாராம். நல்ல விலை சொன்னார். உண்மையிலேயே நல்ல விலை. பெரியப்பா, "பார்க்கலாம், நாளைக்குச் சொல்றேன்"னார்.

ராத்திரி எனக்கும் அவருக்கும் சண்டை. "எப்படி பெரியப்பா உங்களுக்கு மனசு வருது? கீழே வெயில்ல இந்த முடியோட ஊர்வலம் போனா செத்துடுவா"ன்னு கத்தினேன். அவர் என்கிட்ட குரலை உசத்தினது அதுதான் முதல் தடவை. "உன் போட்டோவுக்கு லைக் போட்டவன் எவனாவது நாளைக்கு வந்து கொள்ளு வாங்கித் தருவானா? சம்பாதிக்காத குதிரைக்கு ஒரு நாளைக்கு என்ன செலவுன்னு தெரியுமா உனக்கு? மாத்திரை வேற!" எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஊட்டி ரோட்டுல குப்பையைக் கிளறிக்கிட்டு அலையற குதிரைங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதுங்களுக்கும் ஒரு காலத்துல பேர் இருந்திருக்கும், க்யூ நின்னிருக்கும்.

காலையில அந்த ஆள் பணத்தோட வந்துட்டார். பெரியப்பா கருப்பியை வெளியே ஓட்டிட்டு வந்து, கழுத்து முடியை விலக்கிக் காட்டினார். குளம்பைத் தூக்கிக் காட்டினார். "வியாதிங்க. முடி கொட்டாது. இன்ன இன்ன மாத்திரை. தெரிஞ்சு வாங்குறதுன்னா வாங்குங்க"ன்னார். வந்தவர் பத்து நிமிஷம் பேசிட்டு, ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்பிட்டார். ஏன் சொன்னீங்கன்னு நான் கேட்கலை. அவரே கொள்ளுப் பையைக் கட்டிக்கிட்டே, "அந்தியூர்ல அவன் எனக்குச் சொல்லித்தானே கொடுத்தான்"னார்.

அப்புறம் முடி வெட்டுற வேலை. அதுவா கொட்டாதுன்னா நாமதான் எடுக்கணும். இல்லைன்னா வேர்த்து வேர்த்தே ஓஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முன்னே ரேஸ் குதிரைங்களைப் பார்த்துக்கிட்டவர். அவர்கிட்ட முடி வெட்டுற மெஷின் இருந்துச்சு, ஆனா ஓடலை. பிரிச்சுப் பார்த்தா மோட்டார்ல கார்பன் பிரஷ் தேய்ஞ்சு போயிருந்துச்சு. மாத்திப் போட்டேன். ர்ர்ர்னு ஓடுச்சு! மூணு வருஷப் படிப்புல எங்க வீட்டுக்கு உருப்படியா நான் செஞ்சு கொடுத்த முதல் வேலை இதுதான்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க.

ரெண்டு நாள் ஆச்சு. மெஷின் சூடானா நிறுத்தி, ஆறினப்புறம் மறுபடியும். கருப்பி அசையாம நின்னா. எங்களுக்குப் பழக்கமில்லாததால அங்கங்கே படிக்கட்டு விழுந்துச்சு. என் தம்பிக்கு அம்மா வீட்டுலயே கட்டிங் பண்ணி விட்ட மாதிரி. ரெண்டு கோணி நிறைய முடி சேர்ந்துச்சு. அந்த முடிக்குள்ள இருந்து வெளியே வந்த உடம்பைப் பார்த்து எங்களுக்குப் பேச்சே வரலை. அவ்வளவு மெலிஞ்சிருந்தா. விலா எலும்பை எண்ணலாம்.

இன்னொண்ணும் தெரிஞ்சுது. முடி ஒட்ட வெட்டினதும் அடியில இருக்கிற தோல் நிறம் மேலே வந்துடுச்சு. தலையும் வாலும் வெள்ளை, உடம்பு பூரா கருஞ்சாம்பல். பெரியப்பா நாலடி பின்னால போய் நின்னு பார்த்தார். "சந்தையில பார்த்தப்போ இந்த நிறத்துலதான் நின்னுச்சு"ன்னு சொல்லிட்டு, சீப்பைத் தேடுற மாதிரி உள்ளே போயிட்டார்.

மாத்திரை வந்து சேர மூணு வாரம் ஆச்சு. வெல்லத்துல பொதிஞ்சு கொடுத்தா ஒரு நொடியில முழுங்கிடுவா, ஆனா வெல்லம் கூடாதே! ஒரு பிடித் தவிட்டை உருட்டி உள்ளே வெச்சுக் கொடுக்கிறாங்க பெரியம்மா. முதல் ரெண்டு நாள் தவிட்டைத் தின்னுட்டு மாத்திரையை மட்டும் தனியா துப்பினாளாம். ஆவணி மழைக்கும் குளிருக்கும் முடி இல்லாம நடுங்கக் கூடாதேன்னு பழைய ரஜாயும் கோணியும் சேர்த்துத் தைச்சு ஒரு போர்வை ரெடி பண்ணியிருக்கோம். முடி மறுபடி வளருது. இன்னும் ஒரு மாசத்துல திரும்ப வெட்டணும். பிரஷ் ரெண்டு செட் வாங்கி வெச்சிருக்கேன். சவாரி வருமானத்துல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. இந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அப்பா லோன் போட்டிருக்கார். அந்த இன்ஸ்டாகிராம் போட்டோவை நான் எடுக்கலை. ஆனா அதுக்குக் கீழே, 'இது அழகு இல்லைங்க, வியாதி. உங்க ஊர்ல வயசான குதிரைக்குக் கோடையில முடி கொட்டலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு எழுதி வெச்சேன். அதுக்கு விழுந்த லைக் பதினொண்ணு. அதுல மூணு எங்க வீட்டுலதான்.

லாயத்துல ஒரு காலண்டர் மாட்டியிருக்கு. கருப்பி ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணி குடிக்கிறாள்னு பெரியம்மா தேதிக்குப் பக்கத்துல கரியால எழுதி வைக்கிறாங்க. மாத்திரைக்கு முன்னே எட்டு வாளி. போன வாரம் ஏழு. நான் ஹாஸ்டல்ல இருந்து தினமும் ராத்திரி போன் பண்ணிக் கேட்பேன்.

நேத்து அஞ்சரை.